தெருநாய்க்கும் கிழட்டு மாட்டுக்கும் இடம் கொடுத்த பாட்லிவாலா

ஜே.ஜே. ஆஸ்பத்திரியைத் தெரியாத தமிழர் பம்பாயில் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் மில்லில் கை நசுங்கியவர்களையும் அங்கேதான் கொண்டு போனார்கள். இன்று கட்டிட வேலையில் சாரத்தில் இருந்து விழுந்தவர்களையும் அங்கேதான் கொண்டு போகிறார்கள். ஆனால் அந்த இரண்டு எழுத்துகளுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

அவர் வெள்ளைக்காரர் அல்ல. டாக்டரும் அல்ல. காலி பாட்டில் வியாபாரம் செய்த வீட்டில் வளர்ந்த ஒரு பார்சிப் பையன். பெயர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய்.

ஆஸ்பத்திரி, ஓவியக் கல்லூரி, மாகிம் தரைப்பாலம் என்று அவர் குடும்பம் கொடுத்தவை பல. அவற்றை ஊர் அறியும். ஊர் அவ்வளவாக அறியாத காரியம் ஒன்று உண்டு. மனிதர்கள் வேண்டாம் என்று துரத்திவிட்ட நாய்களுக்கும் மாடுகளுக்கும் பூலேஷ்வரில் அவர் நண்பர்களோடு சேர்ந்து ஏற்படுத்திய இடம் அது. 1834-ம் ஆண்டு தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

தாய்மாமன் வீடு

ஜம்ஷெட்ஜி 1783-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் குஜராத்தில் உள்ள நவ்சாரி. தகப்பனார் நெசவு வேலை செய்தவர். வீட்டில் வசதி இல்லை. பையனுக்குப் படிப்பும் அதிகம் இல்லை. குஜராத்தி எழுதப் படிக்கத் தெரியும். கணக்கு தெரியும். பின்னால் வெள்ளைக்காரர்களுடன் பழகிப் பழகி இங்கிலீஷ் ஓரளவு வந்தது.

1799-ல் தாயும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அப்போது அவருக்கு வயது 16. தாய்மாமன் பிராம்ஜி நசர்வான்ஜி பையனைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மாமாவுக்குப் பாட்டில் வியாபாரம். அதனால் அந்தக் குடும்பத்துக்குப் பாட்லிவாலா என்று பெயர். ஜம்ஷெட்ஜியையும் அப்படியே அழைத்தார்கள். 1803-ல் மாமா தன் மகள் அவாபாயை அவருக்கே கட்டிக்கொடுத்தார். நம் ஊர் வழக்கம்தான்.

சீனாவுடன் வியாபாரம் செய்தால் பணம் பண்ணலாம் என்று பம்பாய் வியாபாரிகள் கண்டுகொண்ட காலம் அது. ஜம்ஷெட்ஜியும் கப்பல் ஏறினார். மொத்தம் ஐந்து தடவை சீனா போய் வந்தார். பாய்மரக் கப்பல் பயணம். ஒரு தடவை போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். புயலுக்குத் தப்பினால் எதிரிக் கப்பலிடம் மாட்டிக்கொள்ளலாம்.

நாலாவது பயணத்தில் அதுவும் நடந்தது. 1805 ஜூலை மாதம். அவர் வந்த பிரன்சுவிக் என்ற கப்பலை, இலங்கையில் காலி துறைமுகத்துக்கு அப்பால் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் மடக்கிப் பிடித்தார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். சரக்கு போயிற்று. பணமும் போயிற்று. பிடிபட்டவர்களை ஆப்பிரிக்காவின் தெற்கு முனைக்குக் கொண்டு போனார்கள். அந்தக் கப்பலும் அங்கேயே கரைதட்டி உடைந்தது.

தெரியாத ஊர். தெரியாத பாஷை. கையில் காசு இல்லை. அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு யாராவது இரக்கப்பட்டால்தான் உண்டு என்ற நிலை. அங்கிருந்து கல்கத்தா வழியாக எப்படியோ பம்பாய் வந்து சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் மறுபடியும் கப்பல் ஏறினார் என்றால் அவருடைய துணிச்சலைப் பார்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கிய அதே கப்பலில் டாக்டராக இருந்த வில்லியம் ஜார்டின் என்ற இளைஞர் அவருக்கு நண்பரானார். பிற்காலத்தில் சீன வியாபாரத்தில் பெரும் புள்ளியான ஜார்டின் மாதீசன் கம்பெனியை நிறுவியவர் அவர்தான்.

பணம் வந்த வழி

1807 பயணத்துக்குப் பிறகு ஜம்ஷெட்ஜி பம்பாயிலேயே தங்கிவிட்டார். 1818-ல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் கம்பெனி ஏற்பட்டது. கூட்டாளிகளைப் பாருங்கள். மோதிசந்த் அமிசந்த் என்ற ஜைனர். முகம்மது அலி ரோகே என்ற கொங்கணி முஸ்லிம். பின்னால் கோவாக் கிறிஸ்தவர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். பம்பாய் எப்படிப்பட்ட ஊர் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டாம்.

இங்கிருந்து பருத்தி போயிற்று. அதோடு அபினும் போயிற்று. சொல்லாமல் விடக்கூடாது. ஜம்ஷெட்ஜி கோடீஸ்வரர் ஆனதற்கு அபினும் பெரிய காரணம். சீன அரசாங்கம் தடை செய்திருந்த சரக்கு அது. அங்கே எத்தனையோ குடும்பங்கள் அதனால் கெட்டன. அபினுக்காக இங்கிலாந்து சீனாவுடன் நடத்திய யுத்தம் 1842-ல் முடிந்தது. அதே 1842-ல் விக்டோரியா ராணி ஜம்ஷெட்ஜிக்கு சர் பட்டம் கொடுத்தார். இந்தியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. நாய்க்கும் மாட்டுக்கும் இரங்கிய மனிதர் சீனாக்காரனுக்கு ஏன் இரங்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. அந்தக் காலத்தில் பம்பாயில் அதை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

வந்த பணத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. 1822-ல் பம்பாய் சிவில் ஜெயிலில் கடன் கட்ட முடியாமல் கிடந்த ஏழைகளின் கடனைத் தாமே கட்டி அவர்களை வெளியே கொண்டு வந்தார். அன்று தொடங்கிய கொடை கடைசிவரை நிற்கவில்லை. வாழ்நாளில் அவர் தர்மத்துக்குக் கொடுத்தது 20 லட்சம் ரூபாய்க்கு மேல். அணாக் கணக்கில் கூலி வாங்கிய நாளில் 20 லட்சம்!

நாய்க்கு எட்டணா

இப்போது 1832-க்கு வருவோம்.

பம்பாய்க் கோட்டைப் பகுதியில் தெருநாய்கள் பெருகியிருந்தன. கோடைக்காலத்தில் சில வாரங்கள் தெருநாய்களைக் கொல்லலாம் என்று கம்பெனி அரசாங்கத்தில் பழைய உத்தரவு ஒன்று இருந்தது. அந்த வருஷம் கெடுவை ஜூன் நடுப்பகுதி வரை நீட்டினார்கள். ஒரு நாயைக் கொன்றால் எட்டணா இனாம்.

வெள்ளைக்காரர்களின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வெறிநாய்க் கடிக்கு அன்று மருந்தே கிடையாது. கடிபட்டு நோய் கண்டவன் செத்தான் என்றே அர்த்தம். பாஸ்டர் தடுப்பு ஊசி போட்டுக் காட்டியது 1885-ல்தான்.

ஆனால் எட்டணா என்றதும் நடந்தது வேறு. தெருவில் திரியும் நாயைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம். வீட்டு வாசலில் படுத்திருக்கும் வளர்ப்பு நாயைப் பிடிப்பது சுலபம். நாய் பிடிக்கிறவர்கள் வாசலிலும் திண்ணையிலும் கைவைத்தார்கள். சில வீடுகளுக்கு உள்ளேயே நுழைந்தார்கள் என்ற புகாரும் எழுந்தது.

பார்சிகளுக்கு நாய் வெறும் காவல் பிராணி அல்ல. அவர்கள் வேதத்தில் நாய்க்குத் தனி இடம் உண்டு. ஒருவர் இறந்தால் நாய் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முகத்தைப் பார்க்கச் செய்வது சடங்கு. கண்ணுக்கு மேலே இரண்டு புள்ளி உள்ள நாய் என்றால் விசேஷம். அதை நாலு கண் நாய் என்பார்கள். அப்படிப்பட்ட ஜனங்களின் தெருவில், அதுவும் அவர்களுடைய பண்டிகை நாளில், நாய்களை அடித்தால் என்ன ஆகும்?

ஜூன் 6-ந் தேதி நாய் பிடிக்க வந்த கான்ஸ்டபிள்களைக் கூட்டம் வளைத்துக்கொண்டு அடித்தது. மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. பார்சிகளோடு ஜைனர்களும் மற்ற இந்துக்களும், முஸ்லிம்களில் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பட்டாளத்துக்குப் போகவேண்டிய ரொட்டியும் சாமான்களும் நின்றன. வெள்ளைக்காரர்களின் கோச்சு வண்டிகள் மீது கல் விழுந்தது. கடைசியில் பட்டாளம் வந்துதான் கூட்டம் கலைந்தது. பலர் கைதானார்கள். வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது.

ஜம்ஷெட்ஜி கல் எறியப் போனவர் அல்ல. வெள்ளைக்காரர்களோடு வியாபாரம் செய்கிறவர். கவர்னர் மாளிகைக்குப் போகக்கூடியவர். அதே சமயம் நாயைக் கொல்வது அவருக்கும் ஆகாது. தண்டனை பெற்றவர்களுக்காக அரசாங்கத்திடம் எடுத்துச் சொன்ன பெரிய மனிதர்களில் அவரும் ஒருவர்.

பேசி முடிந்தது. ஆனால் நாய் அங்கேயேதான் இருந்தது. கொல்லக்கூடாது என்றால் அதை என்ன செய்வது? வளர்க்கிறவன் இல்லை. சோறு போடுகிறவன் இல்லை. தெருவில் விட்டால் மறுபடியும் எட்டணாக்காரன் வருவான். கலவரம் செய்தவர்கள் யாரும் இதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

கூட்டாளி மோதிசந்துக்குப் பதில் தெரியும். ஊரில் அவரை மோதிஷா சேட் என்பார்கள். குஜராத்தில் ஜைனர்கள் பன்னெடுங்காலமாக நடத்திவந்த பாஞ்சராபோல்தான் அந்தப் பதில். பிஞ்சரா என்றால் கூண்டு. போல் என்றால் அடைப்பு. கிழட்டு மாடு, நொண்டிக் குதிரை, அனாதை நாய், சிறகொடிந்த பறவை எல்லாவற்றையும் சாகும்வரை வைத்துக் காப்பாற்றும் இடம். 16-ம் நூற்றாண்டிலேயே காம்பே நகரில் இப்படிப்பட்ட இடங்கள் இருந்ததை வெளிநாட்டுப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். சென்னை அயனாவரத்தில் உள்ள பிஞ்சராபோலும் இந்த வழியில் வந்ததுதான்.

புல்லுக்கு யார் பணம்?

1834 அக்டோபரில் பம்பாய் பாஞ்சராபோல் தொடங்கியது. ஜைனர் மோதிஷாவும் பார்சி ஜம்ஷெட்ஜியும் முன்னின்றார்கள். இடம் பூலேஷ்வர். இன்றைக்கு சி.பி. டாங்க், மாதவ் பாக் என்று சொல்கிறோமே, அதன் பக்கம்.

இரக்கப்பட்டு ஒரு நாள் சோறு போட எல்லோராலும் முடியும். நூற்றுக்கணக்கான வாயில்லா ஜீவன்களுக்குத் தினமும் புல்லும் தண்ணீரும் யார் கொடுப்பது? மாடு ஞாயிற்றுக்கிழமையும் தின்னும். வியாபாரம் படுத்தாலும் தின்னும். சேட்டு செத்துப்போனாலும் அடுத்த நாள் காலையில் தின்னும்.

ஜம்ஷெட்ஜியும் மோதிஷாவும் வியாபாரிகள். அதனால் இதையும் வியாபாரிகள் மாதிரியே பார்த்தார்கள். நன்கொடையை மட்டும் நம்பவில்லை. பம்பாய் வியாபாரிகள் தங்கள் சரக்கின் மேல் தாங்களே ஒரு சிறு மகமை போட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் நாடார் பேட்டைகளிலும் செட்டியார் கடைகளிலும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மகமை பிடிப்பார்களே, அதே ஏற்பாடுதான். சரக்கு அசைந்தால் மாட்டுக்குப் புல் வரும். நிலமும் கட்டிடமும் சேர்ந்த பிறகு வாடகையும் வந்தது. தொடங்கி இரண்டே வருஷத்தில், 1836-ல், மோதிஷா காலமாகிவிட்டார். பாஞ்சராபோல் நிற்கவில்லை. அந்த ஏற்பாட்டின் பலம் அது.

இருந்தாலும் தொல்லை முதலிலிருந்தே உண்டு. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் கொண்டுவந்து விடுகிறவர்கள் பெருகுவார்கள். பால் வற்றிய மாடு, வண்டி இழுக்க முடியாத காளை, கண் தெரியாத குதிரை எல்லாம் வரும். வைத்திருந்தவன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பாரம் தீர்ந்தது என்று போய்விடுவான். உள்ளே இடம் மட்டும் வளராது. பம்பாய் பாஞ்சராபோலை வந்து பார்த்த ஐரோப்பியர்களில் பலர் நெரிசலையும், வைத்தியம் இல்லாமல் கிடந்த நோய்ப் பிராணிகளையும் பார்த்து முகம் சுளித்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் இளக்காரம் உண்டு. ஆனால் பொய் என்று தள்ளிவிட முடியாது. உயிரை எடுக்கமாட்டோம் என்பது ஜைனர்களின் தர்மம். நோயைத் தீர்க்க டாக்டரும் மருந்தும் வேண்டும். அதற்குக் காலம் பிடித்தது. பிராணி வதைத் தடுப்புச் சங்கம் பம்பாயில் 1874-ல் ஏற்பட்டது. பரேலில் பாய் சகர்பாய் பெயரில் பிராணிகள் ஆஸ்பத்திரியும் 1880-களில் வந்தது. கொடுத்தவர் தின்ஷா பெட்டிட். அவரும் பார்சிதான்.

நெரிசல் இன்றைக்கும் தீரவில்லை. நகரத்தில் உள்ள பிராணிகள் காப்பகம் எதைக் கேட்டாலும் ஒரே கதை. ராத்திரியில் நாயைக் கொண்டுவந்து கேட்டில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீடு மாற்றுகிறவர்கள், குட்டியாக இருந்தபோது குழந்தைக்கு வாங்கிக் கொடுத்து வளர்ந்தபின் சலித்தவர்கள், சொசைட்டிக்காரர்களின் நச்சரிப்பு தாங்காதவர்கள். 2020-ல் கொரோனா வந்தபோது நாய் பூனையால் நோய் தொற்றும் என்று வதந்தி கிளம்பிப் பலர் வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டார்கள். அப்படித் தொற்றுவதற்கு ஆதாரம் இல்லை, கைவிடாதீர்கள் என்று பிராணிகள் நல வாரியம் அறிவிக்க வேண்டிவந்தது. அந்த வாரியத்துக்கு 1962-ல் முதல் தலைவராக இருந்தவர் நம் ருக்மணி தேவி அருண்டேல். 1960-ம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் வருவதற்கும் அவர்தான் காரணம். பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயில் இருந்து ஐம்பது ரூபாய் வரை. 1960-ல் அது பணம். இன்று வடை, சாயாவுக்கு ஆகும்.

1832-ல் எழுந்த கேள்வி 2025 ஆகஸ்டில் டெல்லியில் மறுபடி எழுந்தது. தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டில் உத்தரவு வந்தது. அத்தனை நாய்க்கும் இடம் எங்கே, தீனி எங்கே என்ற கூச்சல் கிளம்பியது. பதினோராம் நாளே உத்தரவு திருத்தப்பட்டது. கருத்தடையும் தடுப்பு ஊசியும் போட்டு, வெறி பிடித்ததும் கடிக்கும் சுபாவம் உள்ளதும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று ஆயிற்று.

சர்னி ரோடு

ஜம்ஷெட்ஜியிடம் போவோம். 1838 வாக்கில் மைதானத்தில் மாடு மேய்க்க அரசாங்கம் கட்டணம் விதித்தது. ஏழை மாட்டுக்காரர்களால் கட்ட முடியவில்லை. ஜம்ஷெட்ஜி தாகூர்துவார் பக்கம் கடலோரப் புல்தரையை 20 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக் காசில்லாமல் மேயவிட்டார் என்று சொல்வார்கள். சர்னி என்றால் மேய்ச்சல். சர்னி ரோடு ரெயில் நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்ததாம். இல்லை, தாணாவில் இருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஊர்ப் பெயர் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. தினமும் அங்கே இறங்கி ஓடுகிற குமாஸ்தாக்களுக்கு இரண்டில் எது சரி என்று யோசிக்க நேரம் ஏது?

மற்ற கொடைகளை நீட்டிச் சொன்னால் பக்கம் போதாது. ஆஸ்பத்திரிக்கு 1843-ல் அடிக்கல் நாட்டி 1845-ல் திறந்தார்கள். மாகிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே படகு கவிழ்ந்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த இடத்தில் தரைப்பாலம் போட அரசாங்கம் பணம் இல்லை என்றது. அவாபாய் அம்மாள் 1 லட்சத்து 57 ஆயிரம் ரூபாய் கொடுத்தார். சுங்கம் வாங்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பம்பாய்க்கு ரெயில் வேண்டும் என்று 1845-ல் சங்கம் கூட்டியவர்களில் ஜகன்னாத் சங்கர்சேட்டோடு ஜம்ஷெட்ஜியும் ஒருவர். 1853-ல் போரிபந்தரில் இருந்து தாணாவுக்கு முதல் வண்டி ஓடியதை அவர் உயிரோடிருந்து பார்த்தார். 1857-ல் ஓவியப் பள்ளி தொடங்கியது. அதே வருஷம் பாரோனெட் பட்டம் வந்தது. அது வழிவழியாக மூத்த மகனுக்குப் போகிற பட்டம்.

1859-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி ஜம்ஷெட்ஜி காலமானார். அவருக்கு வயது 75.

பாஞ்சராபோல் அதே பூலேஷ்வரில்தான் இருக்கிறது. சுற்றிலும் பாத்திரக் கடை, துணிக் கடை, ஜன நெரிசல். நடுவில் மாடுகள். காலையில் புல்லுக்கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கலாம். அந்த இடம் போதாமல் கல்யாண் பக்கம் ராயதாவிலும், பிவண்டியிலும், செம்பூரிலும் கிளை போட்டார்கள். செம்பூர்க் கிளையின் பெயரே சுற்றுவட்டாரத்துக்கும் பெயராகிவிட்டது. கோவண்டி, செம்பூர் தமிழர்கள் பாஞ்சராபோல் என்று டிக்கெட் வாங்கி இறங்குகிற இடம் அதுதான். இறங்குகிறவர்களில் மாட்டைப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு.